கமராவுக்குள் இருந்த கண்ணாடியின் கதை

கண்ணாடியில்லாத கமராக்கள், பழகிய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கமராக்களின் இடத்தைப் பிடித்துவிடுமா என்ற வாதம் புகைப்படக்காரர் மத்தியில் பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சூடு தணியாமல் நடந்தது. உற்பத்தியாளர்களைப் பொறுத்தவரை அந்த வாதம் முடிந்துவிட்டது. ஆயினும் அது முடிந்த விதத்தைப் பார்க்கும்போது, இதே தொழிலில் 1960களில் நடந்த இன்னொரு மாற்றம் நினைவுக்கு வராமற் போகாது. அன்று பழைய கருவியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்த கண்ணாடிதான் இன்று வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

எஸ்.எல்.ஆர். என்பதன் உட்பொருள் எளிமையானது. வில்லையினூடாக வரும் ஒளியை, 45 பாகை சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்புகிறது. மேலேயுள்ள ஐங்கோண அரியம் அதை நிமிர்த்திக் கண்ணுக்குக் கொண்டுவருகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழுந்து வழிவிட, ஒளி பின்னாலுள்ள பிலிமில் விழுகிறது. வில்லை பார்ப்பதையே கண்ணும் பார்க்கிறது என்பது இதன் பெருமை. ஆனால் கண்ணாடி எழுந்திருக்கும் அந்தக் கணத்தில் கண்ணுக்கு முன்னே இருள். படத்தில் பதிவான கணம் எதுவோ, அதை மட்டும் எடுத்தவர் பார்த்திருக்க மாட்டார்!

இந்த ஏற்பாட்டுக்கு 1861 ஆம் ஆண்டிலேயே தோமஸ் சட்டன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றார். எனினும் 35 மில்லிமீற்றர் பிலிமின் உலகத்தை முதலில் ஆண்டது 1925இல் விற்பனைக்கு வந்த ஜெர்மனியின் லைக்காதான். அதில் கண்ணாடி கிடையாது. பின்னர் வந்த லைக்காக்களில், வில்லைக்குப் பக்கத்திலுள்ள தனிச் சாளரத்தினூடாகப் பார்த்து, இரண்டு பிம்பங்களை ஒன்றாகப் பொருத்தித் தூரத்தைக் கணிக்கும் முறை இருந்தது. 1936இல் டிரெஸ்டன் நகரிலிருந்து கண்ணாடியுடன் வந்த கினே எக்சாக்டாவை இடுப்பளவில் வைத்து மேலிருந்து குனிந்து பார்க்கவேண்டும். பிம்பம் இடம்வலமாக மாறித் தெரியும். ஒரு படம் எடுத்தபின் பிலிமைச் சுற்றும்வரை கண்ணாடி கீழே இறங்காது. ஓடுகின்ற மனிதனை இதைக் கொண்டு படம்பிடிப்பது எப்படி என்று லைக்காக்காரர் கேட்டதில் நியாயம் இருந்தது. 1949இல் கொன்டாக்ஸ் எஸ் ஐங்கோண அரியத்துடன் வந்தது. 1954இல் ஜப்பானின் அசாகிஃபிளெக்ஸ் கமராவில், படம் எடுத்த உடனேயே தானாகக் கீழிறங்கும் கண்ணாடி அமைந்தது. குறைகள் இவ்வாறு ஒவ்வொன்றாகத் தீர்ந்தன.

அதே 1954இல் வெளிவந்த லைக்கா எம்3 அத்தனை நேர்த்தியாக இருந்தமையால், அதே பாதையில் அதனுடன் போட்டியிடுவது ஜப்பானியருக்கு அரிதாயிற்று. நிக்கோன் நிறுவனம் தனது எஸ்பி என்ற தூரங்காண் கமராவின் உடலையே அடிப்படையாகக் கொண்டு, நடுவே கண்ணாடிப் பெட்டியைப் பொருத்தி, 1959இல் நிக்கோன் எஃப் கமராவை வெளியிட்டது. கொரிய யுத்தத்தைப் படம்பிடித்த டேவிட் டக்ளஸ் டங்கன் போன்றோரால் நிக்கோன் வில்லைகளின் தரம் மேற்குலகில் ஏற்கெனவே தெரியவந்திருந்தது. எஃப் கனமானது, சத்தம் போடுகிறது, படமெடுக்கும்போது கண்ணை இருட்டாக்குகிறது என்றெல்லாம் பழையவர்கள் சொன்னார்கள். அவை அத்தனையும் உண்மையே. ஆனால் 135 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில்லைகளைத் தூரங்காண் கமராவில் நம்பிப் பயன்படுத்த இயலாது. விளையாட்டு மைதானமும் யுத்தகளமும் தொலைவில்லையைக் கேட்டன. ஏறத்தாழ ஒன்றரைத் தசாப்தத்துக்குள் பத்திரிகைத் துறை கண்ணாடியின் பக்கம் சாய்ந்தது. 1960களின் நடுப்பகுதியில் லைக்காவே லைக்காஃபிளெக்ஸ் என்ற எஸ்.எல்.ஆர். ஒன்றைச் செய்யவேண்டியதாயிற்று.

டிஜிட்டல் யுகமும் கண்ணாடியுடனேதான் தொடங்கியது. 1991இல் வந்த கொடாக் டிசிஎஸ், நிக்கோன் எஃப்3 கமராவின் உடலில் 13 இலட்சம் புள்ளிகள் கொண்ட உணரியைப் பொருத்தியது. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியே சுமக்கவேண்டும். 1999இல் நிக்கோன் டி1 வந்தது. 2003இல் கனோன் 300டி ஆயிரம் டொலருக்குக் குறைந்த விலையில் வந்தபோது சாதாரணரும் வாங்கத் தொடங்கினர். எமது தலைமுறைப் பத்திரிகையாளருக்கு இருட்டறையின் மணம் மறைந்த காலம் அது. பிலிம் கழுவி முடியும்வரை பக்கத்தில் இடம்விட்டுக் காத்திருந்த ஆசிரியபீடங்கள், அந்த அவஸ்தையிலிருந்து விடுபட்டன.

ஆனால் இங்கே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தன்மீது என்ன விழப்போகிறது என்பதைப் பிலிம் முன்கூட்டியே காட்டாது. அதனாலேயே கண்ணாடி தேவைப்பட்டது. மின்னுணரியோ தான் காண்பதை அக்கணமே ஒரு சிறு திரைக்கு அனுப்பவல்லது. ஆகவே பிலிம் போனபோதே கண்ணாடிக்கான காரணமும் போய்விட்டது. பிறகும் அது நெடுங்காலம் நின்றது ஏன்? அன்றைய மின்திரைகள் கரடுமுரடாகவும் தாமதமாகவும் இருந்தன. தானியங்கிக் குவிவுக்கான வேகமான பொறிமுறையும் கண்ணாடியிலேயே தங்கியிருந்தது. பெரிய கண்ணாடியின் பின்னுள்ள சிறு கண்ணாடி, ஒளியின் ஒரு பகுதியைக் கீழேயுள்ள குவிவுணரிகளுக்கு அனுப்பியது. அந்த வேலையைப் படவுணரியே செய்யக் கற்றுக்கொள்ளும்வரை புதியவற்றால் ஓடும் பொருளைத் துரத்த முடியவில்லை.

2008இல் பனசோனிக் ஜி1 வெளிவந்தது. சோனி 2010இல் களமிறங்கி, 2013இல் முழுச்சட்ட உணரி கொண்ட ஏ7 கமராவைத் தந்தது. இவ்வேளையில் நிக்கோனும் கனோனும் என்ன செய்தன? 2011இல் நிக்கோன் 1, 2012இல் கனோன் ஈஓஎஸ் எம் என்று சின்னஞ்சிறு கருவிகளை விட்டன. தமது எஸ்.எல்.ஆர். விற்பனைக்குத் தாமே குழிபறிக்க விரும்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கண்ணாடிக் கமரா வியாபாரத்தில் பெரிதாக இடம்பிடித்திராத பனசோனிக்கும், அதில் மூன்றாமிடத்துக்கு அப்பால் போகமுடியாதிருந்த சோனியும் அப்படித் தயங்கவேண்டியிருக்கவில்லை. 2017இல் வந்த சோனி ஏ9, செக்கனுக்கு 20 படங்களைச் சத்தமின்றி, கண்முன் இருள் விழாமல் எடுத்தது. நீதிமன்றத்திலும் மரணவீட்டிலும் கமராவின் ‘சடக்’ ஒலிக்குக் கூசி நின்ற செய்திப் புகைப்படக்காரருக்கு அதன் அருமை தெரியும்.

2018இல் நிக்கோனும் கனோனும் வேறுவழியின்றிப் புதிய வில்லைப் பிணைப்புடன் வந்தன. கண்ணாடிக்கு இடம்விடத் தேவையில்லாததால் வில்லைக்கும் உணரிக்கும் இடையிலான தூரம் நிக்கோனில் 46.5 மில்லிமீற்றரிலிருந்து 16 ஆகக் குறைந்தது. 2020இல் ஜப்பானிய உற்பத்தியாளரின் ஏற்றுமதிக் கணக்கில் கண்ணாடியற்றவை எண்ணிக்கையில் முந்தின. அதே ஆண்டில் அசோசியேற்றட் பிரஸ் செய்தி நிறுவனம் தனது படப்பிடிப்பாளருக்குச் சோனி கருவிகளை வழங்கப்போவதாக அறிவித்தது. 1டி எக்ஸ் மார்க் 3 கமராவே அவ்வரிசையில் கடைசியானது என்று கனோன் தலைவர் மித்தராய் 2021 இறுதியில் கூறினார். நிக்கோன் இஸட்9 கமராவிலோ கண்ணாடி மாத்திரமன்றி, இயங்கும் சட்டரும் இல்லை.

இழப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிக்கோன் டி6 ஒரு பற்றரியில் 3500 படங்களுக்கு மேல் எடுக்கும் என்று கணிக்கப்பட்டது. இஸட்9க்கு அது சுமார் 700. பழைய நிக்கோன் வில்லைகளை இணைப்பு வளையத்தின் மூலம் புதிய உடலில் மாட்டலாம். ஆயினும் உடலுக்குள் இருந்த மோட்டாரால் இயங்கிய வில்லைகளைக் கையால்தான் குவிக்கவேண்டும். இருபது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக வில்லை சேர்த்த ஒரு சுயாதீனப் படப்பிடிப்பாளருக்கு இது சின்ன விடயமன்று. இலங்கையில் 2022 மார்ச் முதல் இரண்டு மாதங்களில் டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, புதிய உடல் வாங்கும் கனவு பலருக்குத் தள்ளிப்போனது.

கண்ணாடிக் கமரா 2012இல் 1 கோடியே 60 இலட்சத்துக்கு மேல் ஏற்றுமதியானது. 2023இல் அது சுமார் 12 இலட்சம். ஆனால் எல்லா வகை டிஜிட்டல் கமராக்களையும் சேர்த்தாலும் 2010இன் 12 கோடி, 2023இல் சுமார் 77 இலட்சமாகத் தேய்ந்தது. அதைச் செய்தது கைத்தொலைபேசி. கண்ணாடியா, கண்ணாடியின்மையா என்று இரு அணியாரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வேளையில் வீட்டின் பெரும்பகுதி கைமாறிவிட்டது.

2021இல் புதிய எஸ்.எல்.ஆர். ஒன்றை வெளியிட்ட பென்டாக்ஸ், கண்ணாடியைக் கைவிடப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறது. லைக்காவின் எம் வரிசைத் தூரங்காண் கமராக்கள், எம்3 வந்து எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் செய்யப்படுகின்றன. விலை உயர்ந்தவை, வாங்குவோரும் சிலரே. எஸ்.எல்.ஆர். கமராவுக்கு அப்படியொரு உயர்ந்த பீடம் கிடைக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. அவை இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை, கைமாற்றுச் சந்தையில் மலிவாகக் கிடைப்பவை. படம்பிடிக்கப் பழக விரும்பும் ஓர் இளைஞருக்கு, குறைந்த பணத்தில் நல்ல வில்லையுடன் தொடங்க இன்று அவற்றைவிட வேறு வழி அதிகம் இல்லை.