டைம்லைன் வந்த வழி

ஒரு காலத்தில் கோடம்பாக்கத்தில் படத்தொகுப்பு முழுக்கக் கைவேலை. மூவியோலா என்ற கருவியில் பிலிமை ஓட்டிப் பார்த்து, பென்சிலால் குறித்து, வெட்டி ஒட்டுவார்கள். அந்தப் பிலிம் சுருளைக் கணினித் திரையில் ஒரு நீண்ட கோடாக, 'டைம்லைன்' ஆக மாற்றிய மென்பொருள்களில் ஒன்று, அமெரிக்காவில் 1989-ல் வந்த அவிட். இந்தியாவில் அதில் தொகுக்கப்பட்ட முதல் படம், 1994 பொங்கலுக்கு வெளியான கமல்ஹாசனின் 'மகாநதி'.

1999-ல் ஆப்பிளின் ஃபைனல் கட் புரோ என்ற தொகுப்பு மென்பொருள் வந்தது. ஒரு மேக் கணினி இருந்தால் தனி ஆளே படம் தொகுக்கலாம் என்றானது.

2011 ஜூனில் அதே ஆப்பிள் டைம்லைனையே புரட்டிப் போட்டது. புதிதாக வந்த ஃபைனல் கட் புரோ எக்ஸில், காட்சிகளை அடுக்கும் டிராக்குகள் கிடையாது. ஒரு துண்டை எடுத்தால் அடுத்தது தானே நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். யோசனை நல்லதுதான். கொண்டுவந்த விதம் அநியாயம். அதற்கு முந்தைய ஏழாம் பதிப்பில் உழைத்துச் செய்த புராஜெக்ட் ஒன்றுகூட அதில் திறக்கவில்லை. பல கேமராக் காட்சிகளை இணைத்துத் தொகுக்கும் மல்டிகேம் வசதியும் இல்லை. 2012 ஜனவரியில்தான் அது திரும்பியது. பழைய புராஜெக்டுகளை மாற்றித்தர வேறொரு நிறுவனம் செயலி எழுத வேண்டியிருந்தது. அதற்குள் பலர் பிரீமியர் என்ற வேறு மென்பொருளுக்குப் போய்விட்டார்கள்.

நம் ஊர்க் கல்யாண ஸ்டுடியோக்கள் பலவற்றில் 'மிக்ஸிங்' எனப்படும் தொகுப்பு நடப்பது விண்டோஸில் ஓடும் எடியஸ் மென்பொருளில். அங்கேயும் 2013-ல் ஒரு திருப்பம்: ஏழாம் பதிப்பு 64-பிட் விண்டோஸில் மட்டுமே ஓடும். பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி வைத்திருந்தவர் மென்பொருளோடு விண்டோஸையும், சில நேரம் கணினியையுமே மாற்ற வேண்டியிருந்தது. தை பிறந்தால் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். புதியதைக் கற்க ஓய்வு வாய்ப்பது ஆடி போன்ற முகூர்த்தமில்லாத மாதங்களில்தான். அப்படியொரு மாதத்தில் கை பழகிய விசைகளை எல்லாம் மறந்து மறுபடி கற்பவர்களின் உழைப்பை எந்த நிறுவனமும் கணக்கில் வைப்பதில்லை.

மென்பொருள் இனியும் மாறும். ஸ்டுடியோக்காரர்கள் மாறும் முன்பே, பழைய புராஜெக்டுகளை வேறு மென்பொருளும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் அல்லது இடிஎல் கோப்பாக எடுத்து வைத்துவிட வேண்டும். வீட்டுக் கல்யாணத்தை வீடியோ எடுத்தவர்கள், முடித்த வீடியோவோடு கேமராவில் பதிவான அசல் காட்சிகளையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள்.