கப்டன் பொய்கொட்டும் பணிப்பகிஷ்கரிப்பும்

"இண்டைக்கு டொக்டர்மார் பகிஷ்கரிப்பாம்" என்று மட்டக்களப்பின் கிரான் சந்தியில் ஒருவர் சொன்னால், பக்கத்தில் நிற்பவருக்கு விளக்கம் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பலனில்லை, அவ்வளவுதான். சென்னையில் வேலைநிறுத்தம் என்பதை இலங்கைப் பத்திரிகைகள் பணிப்பகிஷ்கரிப்பு என்று எழுதும்.

'பொய்கொட்' என்ற ஆங்கில வினைக்கு நாம் வைத்திருக்கும் சொல்தான் பகிஷ்கரிப்பது. அந்த வினையோ ஓர் ஆளின் பெயர். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் காணிகளைப் பார்த்துவந்தவர் கப்டன் சார்ல்ஸ் பொய்கொட். 1880இல் குத்தகையைக் குறைக்கச் சொன்ன குடியானவர்களை வெளியேற்ற முனைந்தார். யாரும் அவரை அடிக்கவில்லை. வேலையாட்கள் நின்றுவிட்டார்கள், கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை, துணி வெளுக்க ஆளில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பெருங்காணிக்காரரான போடியார் ஒருவரின் வெள்ளாமை விளைந்து நிற்கும்போது வயல்வேலைக்கு முல்லைக்காரரும் வராமல், துணி வெளுக்கக் கட்டாடியாரும் வராமல் போனால் எப்படி? அதேதான். கடைசியில் வெளியூரிலிருந்து ஐம்பது பேரைக் கொண்டுவந்து, ஆயிரம் பேரளவில் படையும் பொலிசும் காவல் நிற்க அறுவடை நடந்தது. சில நூறு பவுண் விளைச்சலுக்குப் பல ஆயிரம் பவுண் செலவு! டிசம்பரில் மனிதர் நாட்டைவிட்டே போனார். ஜெர்மனும் பிரெஞ்சும் ருஷ்யமும் அவர் பெயரையே வினையாக்கிக்கொண்டன.

நாம் பழைய வடமொழிச் சொல்லொன்றை எடுத்தோம். 'பஹிஸ்' என்றால் வெளியே. பகிஷ்கரிப்பது ஒருவரைச் சாதிக்கு, ஊருக்கு வெளியே தள்ளுவது. அம்பேத்கர் 1927இல் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'பஹிஷ்கிருத் பாரத்'. அங்கே அது தள்ளப்பட்டவர்களைக் குறித்தது. இலங்கையில் சொல் திரும்பிக்கொண்டது: இங்கே பகிஷ்கரிப்பவரே வெளியே போகிறார், வகுப்பைவிட்டு, வேலையைவிட்டு, வாக்குச்சாவடியைவிட்டு. 1931 அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரித்தபோது வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. மட்டக்களப்பு வாக்களித்தது.

இதற்குத் தமிழ்நாட்டில் சொல்லும் 'புறக்கணிப்பு' எனக்குக் கொஞ்சம் சப்பென்றிருக்கிறது. கலியாணவீட்டில் முகங்கொடுக்காத மாமாவும் புறக்கணிக்கிறார், தேர்தலுக்குப் போகாத கட்சியும் புறக்கணிக்கிறது. மாமா பகிஷ்கரித்தார் என்றால் சிரிப்புத்தான் வரும்.

எங்களிடமும் எல்லாம் பகிஷ்கரிப்பு அல்ல: கடை பூட்டினால் மட்டும் குஜராத்திச் சொல்லான ஹர்த்தால். 2023 ஒக்டோபர் 20இல் வடக்கிலும் கிழக்கிலும் நடந்தது அதுதான். கிரானுக்கு மேற்கே மயிலத்தமடுவில் பண்ணையாளரின் மேய்ச்சல் தரை பறிபோகும் விவகாரமும் அதற்கொரு காரணம்.