‘இஃப்’ எங்கே வரும்?

நாங்கள் மட்டக்குளியில் சாதாரண தரத்துக்குப் படிச்ச காலத்தில், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடம் பெரும்பாலும் கரும்பலகையிலதான் நடந்தது. கம்பியூட்டர் இருந்தது, எங்கட முறை வாறதுக்குள்ள மணி அடிச்சிரும். பாஸ்கல் மொழியைக் கொப்பியில் எழுதினோம். பாய்ச்சற் கோட்டுப்படத்துக்குச் சாய்சதுரம் கீறினோம். பாடமாக்கிச் சித்தியும் எய்தினோம். நாங்கள் அங்கே படிச்சிருக்க வேண்டிய விசயத்துக்குக் ‘கணிமைச் சிந்தனை’ என்று ஒரு பெயர் இருக்கு, அதைச் சுற்றி அரை நூற்றாண்டுக்கு மேலான சண்டையும் இருக்கு என்பது கலைப்பீடத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கதை 1967இல் அமெரிக்காவில் தொடங்குது. சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோய்ர்சைக் ஆகியோர் இருந்த குழு சிறுவர்களுக்காக ‘லோகோ’ என்ற கணினி மொழியை உருவாக்கியது. லோகோ என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வாறது ஆமை. ‘முன்னால் 50, வலப்பக்கம் 90’ என்று நாலு தரம் சொன்னால் ஆமை ஒரு சதுரம் கீறும். பிழையாகச் சொன்னால் வேறெங்கோ போகும். ஏன் போனது என்று பிள்ளை தானே தேட வேண்டும். தேடுறதுதான் படிப்பு. பேப்பர்ட் தென்னாபிரிக்காவில் பிறந்தவர், ஜெனீவாவில் உளவியலாளர் பியாஜேயுடன் வேலை செய்தவர். கம்பியூட்டர் பிள்ளையைப் பழக்கக்கூடாது, பிள்ளைதான் கம்பியூட்டரைப் பழக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. 1980இல் வந்த ‘மைண்ட்ஸ்டோர்ம்ஸ்’ நூலில் கணிமைச் சிந்தனை என்ற சொல்லை அவர் பயன்படுத்தினார்.

நாலு வருசத்தில் எதிர்ப்பு வந்தது. ரோய் பீ, மிடியன் கர்லாண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் லோகோ படித்த பிள்ளைகளுக்கு வகுப்பறை வேலைகளை ஒழுங்குபடுத்தித் திட்டமிடும் ஒரு பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். லோகோ படிக்காத பிள்ளைகளைவிட அவர்கள் திறமாகச் செய்யவில்லை. செய்நிரல் எழுதினால் மூளை தானாகக் கூர்மையாகும் என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி. இந்த விசயத்தில் எங்களுக்குப் பிடித்த ஆய்வும் இதுதான், ஏனென்றால் எங்கட ஊர் டியூட்டரி விளம்பரங்கள் இன்னும் அந்த நம்பிக்கையைத்தான் விற்குது.

இலங்கையில் தேசிய கணினிக் கொள்கை அறிக்கை வந்தது 1983இல். கொழும்புத் தமிழருக்கு அந்த ஆண்டு வேறு காரணத்துக்காகத்தான் நினைவிருக்கும். அடுத்த ஆண்டு சின்டெக் என்ற அரச தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க கணினிக் கல்வியைக் கட்டியெழுப்பினார். ஆனால் பாடசாலை வரைக்கும் இறங்கி வந்தபோது அது பெரும்பாலும் ‘கணினி அறிவு’ ஆகத்தான் வந்தது: எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும். பேப்பர்ட்டின் ஆமை எங்கட பக்கம் வரவே இல்லை.

2006இல் ஜெனட் விங் மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை எழுதினார். வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் போல கணிமைச் சிந்தனையும் எல்லாருக்கும் வேண்டிய திறன் என்றார். அதுக்குப் பிறகு ஆய்வுகள் வெள்ளமாக வந்தன. இங்கிலாந்து 2014இல் ஐந்து வயதிலிருந்தே பாடத்திட்டத்தில் கணிமையைச் சேர்த்தது. இந்தியாவின் 2020 கல்விக் கொள்கையிலும் அந்தச் சொல் இருக்கு. சிந்தனையை எப்படி அளக்கிறது என்பது அடுத்த கேள்வியானது. 2012இல் கரென் பிரெனனும் மிட்செல் ரெஸ்னிக்கும், பிள்ளை செய்து முடித்ததை மட்டும் பார்த்தால் போதாது, எப்படிச் செய்தாய் என்று பிள்ளையிடமே கேட்க வேண்டும் என்றார்கள். எங்களிடம் யாரும் கேட்டதில்லை, வினாத்தாள்தான் கேட்டது.

எங்களை உண்மையில் உலுக்கினது மொழி பற்றின ஆய்வு. ஸ்க்ராட்ச் என்ற சிறுவர் நிரல்மொழியில் தாய்மொழிச் சொற்களோடு எழுதின பிள்ளைகள், அதே நாட்டில் ஆங்கிலத்தில் எழுதினவர்களைவிட வேகமாகப் புதுக் கருத்துகளைப் பிடிக்கிறார்கள் என்று தாஸ்குப்தாவும் ஹில்லும் 2017இல் காட்டினார்கள். ஐந்து நாட்டுத் தரவு அது. இலங்கை அதில் இல்லை.

தமிழில் முயற்சி இல்லாமல் இல்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழி பற்றிய கட்டுரை 2009இலேயே வந்துவிட்டது. உயர்தரத்தில் நாங்கள் படிச்ச பைதனில் ‘இஃப்’ முதலில் வரும், நிபந்தனை பிறகு. எழிலில் நிபந்தனை முதலில், ‘ஆனால்’ பிறகு. நாங்கள் பேசுற ஒழுங்கு அது! ‘ஆனால்’ என்றால் மறுத்துப் பேசுற சொல்தானே நினைவுக்கு வருது, ‘என்றால்’ என்று போட்டிருக்கலாமே என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அதுவும் நியாயம்தான்.

போன மாதம் காக்கைத்தீவுப் பக்கம் எங்கட தோழியின் வீட்டில், சாதாரண தரத்துக்குப் படிக்கிற அவளுடைய தங்கச்சிக்கு ஒரே செய்நிரலைப் பாஸ்கலிலும் எழிலிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினோம். எழிலில் இருந்ததை ஒரு தரம் வாசிச்சதுமே, எண் ஐந்துக்கு மேல போனால் என்ன நடக்கும் என்று சொல்லிட்டாள். பிறகு கேட்டாள்: “அக்கா, இதைச் சோதினையில எழுதினா மார்க்ஸ் தருவாங்களா?”

இல்லை என்றோம். அவள் பாஸ்கல் கொப்பியை இழுத்து வைத்துக்கொண்டாள்.