பிடித்தல் வேறு, புதைத்தல் வேறு

நிலக்கரிப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிப்பது குறித்து எழுதுவோர் 'பிடித்தல்', 'சேமித்தல்' ஆகிய இரண்டையும் ஒன்றெனவே கொள்கின்றனர். வரலாறு அவற்றைப் பிரித்தே காட்டுகிறது.

மும்பை செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1956 முதல் டாட்டா அனல்மின் நிலையம் இயங்கிவருகிறது. அங்கு 1984இல் அமைந்த 500 மெகாவாட் அலகின் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு, கடல்நீரால் கழுவப்பட்டுச் சல்பேட்டாகக் கடலுக்கே திரும்பியது. கரியமில வாயுவுக்கு அவ்வழி இல்லை. கந்தகத்தைக் கழுவும் அவ்வினையே அதனைச் சிறிது வெளியிடவும் செய்கிறது.

அதனைப் பிடித்துக்காட்டியது தூத்துக்குடி. அங்குள்ள ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் அமைப்பை 2016இல், அரசு மானியமின்றி, நிறுவியது. உலக ஏடுகள் வியந்தன. ஆனால் அவ்வாயு சோடா உப்பாயிற்று. கண்ணாடி உலையில் அவ்வுப்பு உருகும்போது, பிடிபட்ட வாயு மீண்டும் காற்றில் கலக்கிறது. வணிகம் வென்றது, சேமிப்பு நிகழவில்லை.

சேமிப்புக்குரிய பாறை மும்பையின் காலடியிலேயே உள்ளது: தக்காண எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். 2012இல் ஐஸ்லாந்தில் இவ்வகைப் பாறைக்குள், நீரில் கரைத்துச் செலுத்திய வாயுவில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஈராண்டுக்குள் கல்லாயிற்று. எனினும், ஒரு டன் வாயுவுக்கு ஏறத்தாழ 25 டன் நீர் தேவைப்பட்டது.

ஆகவே மும்பையில் திட்டமிடுவோர் முதலில் விடைகூற வேண்டியது நீரைப் பற்றிய வினாவுக்கே. குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் தாராவிக்கும், ஆலைப் புகையை நெடுங்காலம் சுவாசித்த செம்பூருக்கும் அத்திட்டத்தில் என்ன குரல் உண்டு? சூழலியல் வரலாறு பயிலும் மாணவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.