தோளளவு உயரத்தில் ஒரு கல்

என் அப்பத்தா நின்றுகொண்டேதான் இளைப்பாறுவாள். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து வாரச்சந்தைக்கு மூன்று மைல். தலையில் சும்மாடு, அதன்மேல் கத்திரிக்காய்க் கூடை, ஒரு கையில் என் விரல்கள். பாதி வழியில் புளியமரத்தடியில் அந்தக் கல் இருந்தது. இரண்டு கற்களை நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். எனக்கு எட்டாது, அவளுக்குத் தோளளவு. கூடையோடு கிட்டே போய் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கூடையைக் கல்லின்மேல் சாய்த்து உள்ளே தள்ளுவாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வெற்றிலை போட்டு முடிக்கும்வரை நிற்பாள். பிறகு மறுபடி முழங்காலை மடக்கி, கூடையைத் தலைக்கு இழுத்து, நிமிர்ந்து நடப்பாள்.

“ஏன் அப்பத்தா, கீழ இறக்கி வச்சுட்டு உக்காந்தா என்ன?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கீழ இறக்கிட்டா திரும்பத் தூக்கிவிட ஆளு வேணும்டி. கல்லுல வச்சா யாரு தயவும் வேண்டாம்.”

சுமைதாங்கி என்ற அந்தக் கல்லைப் பற்றி அதன் பிறகு எத்தனையோ படித்துவிட்டேன். அவள் சொன்னதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. தலைச்சுமையைத் தரையிலிருந்து தூக்க இரண்டு பேர் வேண்டும். தனியாகப் போகிறவர் வழியில் சுமையை இறக்கினால், அடுத்த ஆள் வரும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அதற்குப் பயந்து இறக்காமலே நடந்தவர்கள் எத்தனை பேரோ. அந்தச் சிக்கலை உயரத்தை வைத்தே தீர்த்தார் ஏதோ ஒரு கொத்தனார்.

தமிழ்நாட்டில் பழைய பாதை போன இடமெல்லாம் இந்தக் கல் இருந்தது, யாழ்ப்பாணத்திலும் இருந்தது. கேரளத்தில் இதற்கு அத்தாணி என்று பெயர். நெடும்பாசேரி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஓர் ஊரே இருக்கிறது. நம் பக்கம் சென்னையிலிருந்து வேலூர் போகும் சாலையில், காவேரிப்பாக்கத்தை ஒட்டி, சுமைதாங்கி என்றே ஓர் ஊர். பஸ்ஸில் அந்த ஊருக்கு டிக்கெட் வாங்குகிறவர்கள் பெயரை நினைத்துப் பார்ப்பார்களா, தெரியாது.

இந்தக் கற்களில் பல, பெண்களுக்காக நட்டவை. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனவளின் சுமை இறங்கவே இல்லை, அவள் ஆவி அந்தப் பாரத்தோடே அலையும் என்று நம்பினார்கள். அவள் பெயரில் ஒரு சுமைதாங்கி வைத்தால், வழிப்போக்கர் இறக்கி வைக்கும் ஒவ்வொரு சுமையோடும் அவள் பாரமும் இறங்கும். சில கற்களில் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும். பிரசவம் எத்தனை பெண்களைக் கொண்டுபோன காலம் அது என்பதற்கு இந்தக் கற்களைவிடச் சாட்சி வேண்டியதில்லை. எங்கள் ஊர்க் கல்லும் அப்படி ஒருத்திக்கு வைத்ததுதான் என்பார்கள். அப்பத்தா புறப்படும்போது பலகையை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

கல் தனியாகவும் இருக்காது. நிழலுக்கு மரம், பக்கத்தில் கிணறோ ஊருணியோ இருக்கும். மாடுகள் உடம்பைத் தேய்த்துத் தினவு தீர்த்துக்கொள்ள ஒரு கல் நட்டிருக்கும். அதற்குப் பெயர் ஆவுரிஞ்சுதறி. 32 அறங்களின் பட்டியலில் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். மாட்டின் அலுப்பையும் கணக்கில் எடுத்த ஊர்கள்! பருத்தித்துறையில் தெருமூடி மடம் என்று ஒன்று இருக்கிறது. தெருவுக்கு மேலேயே கூரை போட்டு, இரண்டு பக்கமும் திண்ணை கட்டிவிட்டார்கள். நடந்து போகிறவர் நிழலைத் தேடிப் போக வேண்டாம், பாதையே நிழலுக்குள் புகுந்து வரும்.

தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களைப் பற்றிப் படித்தபோது அப்பத்தாவைத்தான் நினைத்துக்கொண்டேன். 13ஆம் நூற்றாண்டு மைல்கற்கள் அவை. நாவல் தாவளத்துக்கு இன்னும் எத்தனை காதம் என்று எழுதியிருக்கிறது. எழுத்துத் தெரியாதவருக்காகக் குழிகளும் வெட்டியிருக்கிறார்கள்; பெரிய குழி ஒன்று பத்து, சிறியது ஒன்று. தாவளம் என்றால் வணிகர்கள் தங்கும் இடம். இறக்கி வைக்க இன்னும் எவ்வளவு தூரம் என்பதுதானே சுமக்கிறவர் கேட்கும் முதல் கேள்வி? அவளுக்கும் எழுத்துத் தெரியாது. விரலால் தடவியே எண்ணியிருப்பாள்.

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போனது. பிறகு லாரி, பஸ். சுமை தலையிலிருந்து சக்கரத்துக்கு மாறியதும் கல்லுக்கு வேலையில்லை. சாலையை அகலப்படுத்தும்போது பலவற்றைப் பிடுங்கிப் போட்டார்கள். எங்கள் ஊரில் பலகைக் கல் இப்போது ஒரு வீட்டு வாசலில் துணி துவைக்கக் கிடக்கிறது.

ஆனால் சுமப்பதை நாம் நிறுத்தவில்லை. நான் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் 11 வருஷம் சேலை விரித்தவள். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. ரேக்கில் சாய்ந்தால் சூப்பர்வைசர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் ஒருத்தி குந்த, இன்னொருத்தி காவல் நிற்போம். விடுதிக்குப் போனதும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருப்போம். ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம், 300 வருஷத்துக்கு முன்னால் வழிப்போக்கருக்கு இடம் தந்த ஊரில் எனக்கு ஒரு முக்காலி இல்லையே என்று எரிச்சலாக வரும். தைலம் தடவு, தியானம் பண்ணு, தண்ணீர் குடி என்று யோசனை சொன்னவர்கள் ஏராளம். குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரையே குறைத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் நின்ற பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018இல் கேரளம் கடைச் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் 1947ஆம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்றது. அதற்குள் நான் வேலையை விட்டுவிட்டேன். என் காலில் நரம்புகள் சுருண்டுவிட்டன.

போன தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனபோது கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்திருந்த பெண் என்னைக் கண்டதும், “வாங்கக்கா” என்று எழுந்தாள். ஸ்டூல் முழங்காலுக்கும் கீழே. ஒரு கையைக் கவுண்டரில் ஊன்றி, இன்னொரு கையை முழங்காலில் வைத்து அழுத்தித்தான் அவளால் எழ முடிந்தது. நான் அங்கே இருந்த ஒரு மணி நேரத்தில் அவள் மறுபடி உட்காரவே இல்லை.

அப்பத்தா பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள், உயரம் தப்பு என்று.