முழங்கையும் வரலாறும்: கல்கத்தா கோல்ஃப் திடல்களிலிருந்து சில குறிப்புகள்

காலனிய விளையாட்டு வரலாறு எனும்போது நாம் பெரும்பாலும் கழகங்களின் தொடக்க ஆண்டு, கோப்பைகள், ஆளுநர்களின் வருகை, உறுப்பினர் சேர்க்கையில் காட்டப்பட்ட நிறப்பாகுபாடு ஆகியவற்றையே எழுதிவருகிறோம். ஆடிய உடல் அவ்வரலாற்றில் அரிதாகவே தென்படுகிறது. இப்பதிவில் நான் எடுத்துக்கொள்வது மிகச் சிறிய ஒன்று: கோல்ஃப் மட்டையை வீசும்போது முழங்கை எங்கே இருக்க வேண்டும், அதை யார் தீர்மானித்தார்கள்? மார்செல் மோஸ் 1934இல் 'உடலின் உத்திகள்' பற்றி ஆற்றிய உரையில், முதல் உலகப் போரில் ஆங்கிலேயச் சிப்பாய்களால் பிரெஞ்சு மண்வெட்டியைக் கையாள முடியாமற்போனதைக் குறிப்பிடுகிறார். மண்வெட்டிக்குப் பொருந்துவது கோல்ஃப் மட்டைக்கும் பொருந்தும்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். வலக்கை ஆட்டக்காரர் மட்டையைப் பின்னோக்கி உயர்த்தும்போது இடக்கை ஏறக்குறைய நீண்டிருக்கும். வலது முழங்கை மடியும். அம்மடிப்பு விலாவை ஒட்டி, தரையை நோக்கியிருந்தால், மட்டை கீழிறங்கும்போது முழங்கை வலது இடுப்புக்கு முன்னால் வந்துசேரும். பந்தை மட்டை உட்புறத்திலிருந்து தாழ்வான சரிவில் அணுகும். முழங்கை உடலை விட்டு விலகி வெளியே பறந்தால் மட்டை செங்குத்தாக இறங்கி மண்ணைக் கொத்தும் வாய்ப்பு மிகுதி. பந்தை அடித்த பிறகு இடது முழங்கை மடங்கி வெளியே துருத்திக்கொண்டால் அதற்குக் 'கோழிச்சிறகு' என்று பெயர். பயிற்சியாளர்கள் அக்குளில் ஒரு கைக்குட்டையைச் செருகி, வீச்சின்போது அது விழாமல் ஆடச் சொல்வது இதற்காகத்தான். முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான தொலைவை 'முழம்' என்று அளவாகவே வைத்துக்கொண்ட மொழி நம்முடையது. எனவே இந்த ஆராய்ச்சி நமக்கு அவ்வளவு அந்நியமானதன்று.

கல்கத்தாவின் கோல்ஃப் கழகம் 1829இல் டம்டம்மில் தொடங்கப்பட்டது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே உள்ள கோல்ஃப் கழகங்களில் மிகப் பழையது அதுவே. 1911இல் ஐந்தாம் ஜார்ஜின் வருகையையொட்டி 'ராயல்' என்ற அடைமொழி கிடைத்தது. இன்று டாலிகஞ்சில் இருக்கிறது. ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை எழுந்தது 1855இல்தான் என்பதால், டண்டீயிலிருந்து வந்த சணல் ஆலைக்காரர்கள் இக்கழகத்தின் பிற்கால வளர்ச்சிக்கு உரியவர்களேயன்றி அதன் பிறப்புக்கு அல்லர். 1829இல் ஆடியவர்கள் கையில் இருந்தவை மரக்காம்பு மட்டைகள். அடித்தது தோலுறைக்குள் இறகு திணித்த பந்து. நனைந்தால் ஊறிப்போகும் அப்பந்தை வங்காளத்து மழைக்காலத்தில் எண்ணிப்பாருங்கள்! மலேயாக் காடுகளின் குட்டா-பெர்ச்சா பிசினால் செய்த பந்து 1840களின் பிற்பகுதியில் வந்து இத்தொல்லையைத் தீர்த்தது. ஆனால் மரக்காம்பின் இயல்பு மாறவில்லை. வீச்சில் அது வளையும், முறுக்கிக்கொள்ளும். அம்முறுக்கைச் சமாளிக்கக் கைகளும் மணிக்கட்டும் தளர்ந்திருக்க வேண்டும். முழங்கைகளை இறுக்கிக் கட்டிய வீச்சு அக்காம்புக்கு உகந்ததன்று.

உடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆறு முறை ஓப்பன் பட்டம் வென்ற ஹாரி வார்டன், 1905இல் வெளியிட்ட தம் நூலில், இடுப்புப் பட்டையைத் தவிர்த்துத் தோளில் மாட்டும் கால்சட்டை வார்களையே அணியுமாறு அறிவுறுத்துகிறார். தோள்களை அவை அளவாகப் பிடித்துவைக்கும் என்பது அவர் காட்டும் காரணம். வீச்சின் உச்சியில் வார்டனின் இடது முழங்கை சற்றே மடிந்திருக்கும். பின்னாளைய இலக்கணப்படி அது குற்றம். அவர் காலத்தில் அதுவே இலக்கணம். உத்தி என்று பிற்காலத்தவர் எழுதிவைத்தவற்றுள் எவ்வளவு தையற்காரரின் பங்களிப்பு என்பது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கே உரிய கேள்வி.

முழங்கை எவ்வளவு உயரலாம் என்பது பெண்களின் விஷயத்தில் ஒழுக்கப் பிரச்சினையாகவே பேசப்பட்டது. 1890இல் பேட்மிண்டன் நூல்வரிசையில் வந்த கோல்ஃப் நூலில் வெல்வுட் பிரபு, பெண்களுக்கு 70 அல்லது 80 கஜத்துக்கு மேற்படாத அடியே போதும் என்கிறார். அவர்களின் ஆற்றலை அவர் ஐயுறவில்லை. பெண்ணுடையில் முழு வீச்சுக்கான தோற்றம் நளினமாக இராது என்பதே அவர் வாதம். அதற்கு அடுத்த ஆண்டு, 1891இல், கல்கத்தா மைதானத்தில் பெண்களுக்கெனத் தனி கோல்ஃப் கழகம் தொடங்கப்பட்டது. 1893இல் இங்கிலாந்தில் நடந்த முதல் பெண்கள் போட்டியை வென்ற மார்கரெட் ஸ்காட், மட்டை தோளைத் தாண்டிப் பின்னால் தாழும்படியான நெடிய வீச்சை உடையவர். பிரபுவின் அழகியல் மூன்றே ஆண்டுகளில் கேட்பாரற்றுப்போனது என்று எழுத ஆசைதான். அவ்வளவு விரைவில் எதுவும் போய்விடுவதில்லை.

எஃகுக் காம்பை செயின்ட் ஆண்ட்ரூஸ் 1929இல் ஏற்றது. கல்கத்தாக் கழகத்துக்கு அப்போது வயது சரியாக 100. எஃகு முறுக்கிக்கொள்வதில்லை. ஆகவே கைகளின் நுட்பத்துக்குப் பதிலாக இடுப்பும் தோளும் வீச்சை நடத்தலாயின. கைகள் உடலோடு பிணைந்திருக்க வேண்டியதாயிற்று. இம்மாற்றத்துக்கு வேதநூலாக அமைந்தது 1957இல் வெளிவந்த பென் ஹோகனின் 'ஐந்து பாடங்கள்'. ஹெர்பர்ட் வாரன் விண்டின் எழுத்துத் துணையோடும் அந்தோணி ரவியெல்லியின் கோட்டோவியங்களோடும் வந்த அந்நூல், நிற்கும் நிலையில் இடது முழங்கை இடது இடுப்பெலும்பையும் வலது முழங்கை வலது இடுப்பெலும்பையும் சுட்ட வேண்டும் என்கிறது. முன்கைகள் இரண்டையும் சேர்த்துக் கட்டியதுபோல ஓவியம் காட்டுகிறது. வலது முழங்கையைப் பறக்கவிட்டே ஜாக் நிக்லாஸ் 18 பெரும் பட்டங்களை வென்றபோதும் அந்த இலக்கணம் அசையவில்லை. விதிவிலக்கு என்ற சொல்லின் பயன் அதுதானே.

இனி கல்கத்தாவுக்குத் திரும்புவோம். நெடுங்காலம் உறுப்பினர்களாக ஐரோப்பியர் மட்டுமே இருந்த அத்திடலில், நாள்தோறும் நூற்றுக்கணக்கான வீச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்த இந்தியர் ஒரு சாரார் உண்டு. மட்டைப்பையைச் சுமந்த கேடிகள். (தமிழில் 'கேடி' என்றால் காவல்துறைப் பட்டியலில் இடம்பெற்ற போக்கிரி, அச்சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. பொறுத்தருள்க.) அவர்களுள் 'ஆகேவாலா' என்றொரு வகையினர் இருந்தனர், பல இந்தியத் திடல்களில் இன்றும் உள்ளனர். 'முன்னால் நிற்பவர்' என்பது பொருள். பந்து விழும் தொலைவில் முன்கூட்டியே போய் நின்று, அது எங்கே விழுகிறது என்று கண்டுவைப்பது அவர் பணி. குளங்கள் நிறைந்த தட்டையான வங்காளத் திடலில் பந்து தொலைவது எளிது. தொலைந்தால் ஏச்சு அவருக்கு.

இப்பணி எத்தகைய அறிவைக் கோரியது என்று சிந்திக்க வேண்டும். வெயிலில் வெள்ளைப் பந்து மட்டையிலிருந்து கிளம்பும் கணத்தைத் தொலைவிலிருந்து கண்ணால் பிடிப்பது கடினம். ஆட்டக்காரரின் உடல் அதற்கு முன்பே செய்தி சொல்லிவிடுகிறது. கைகள் வெளியிலிருந்து குறுக்கே வெட்டினால் பந்து வலப்புறம் வளையும். உடலை ஒட்டிச் சுழன்றால் நேராகவோ இடப்புறமோ செல்லும். முழங்கைக்கும் விலாவுக்கும் இடையிலான இடைவெளியை 200 கஜத்திலிருந்து எவரும் அளந்துவிட முடியாது. ஆனால் அவ்விடைவெளியின் விளைவான வீச்சின் வடிவத்தைப் படிக்கலாம். அருகில் பையோடு நின்ற கேடிக்கோ அந்த இடைவெளியே கண்முன் இருந்தது. எந்த முழங்கை பந்தைக் குளத்துக்கு அனுப்பும் என்பதை அறிவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, கூலிக்கான தகுதி. இந்த வாசிப்பை ஒரு தொழில்சார் அறிவுமரபாகவே நாம் கருத வேண்டும் என்பது என் துணிபு. கழகக் குறிப்பேடுகள் கேடிகளைக் கூலிப் பட்டியலின் எண்ணிக்கையாக மட்டுமே நோக்கினால், அக்குறை நம் சான்றாதாரங்களுடையது. அம்மக்களின் அறிவுடையது அன்று.

மண்ணும் ஓர் ஆசிரியர். ஆற்று வண்டல் படிந்த, மழையில் இளகும் தரையில் செங்குத்தாக இறங்கும் மட்டை புதைந்துபோகும். முழங்கையை ஒடுக்கித் தாழ்வாக வீசுபவருக்கே பந்து சுத்தமாகக் கிடைக்கும். புத்தகம் படித்து ஒருவர் அடையும் முடிவுக்கு, இரவல் மட்டையோடு ஈரத் தரையில் ஆடிய சிறுவன் வேறு வழியாக வந்துசேரக்கூடும்.

1965இல் இந்திய ஓப்பன் கல்கத்தாவில் நடந்தபோது, தொழில்முறை ஆட்டக்காரரல்லாத பிரேம் கோபால் சேத்தி அதை வென்ற முதல் இந்தியரானார். கழகத்தின் புல்தரையைப் பராமரித்த தொழிலாளியின் மகனாக 1978இல் பிறந்த சிவ சங்கர் பிரசாத் சௌராசியா, 2008இல் டில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தையும், 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் இந்திய ஓப்பனையும் வென்றார். அதே திடலில் ஆடி வளர்ந்த அர்ஜுன் அத்வால் 2010இல் அமெரிக்கச் சுற்றில் பட்டம் வென்ற முதல் இந்தியர்.

சௌராசியாவைப் பற்றிய செய்திக் கட்டுரைகளில் தவறாமல் வரும் ஒரு தொடர், அவர் 'தானாகவே கற்றுக்கொண்டவர்' என்பது. பாராட்டாகவே சொல்லப்படுகிறது. ஆனால் ஹோகன் எங்கே கற்றார்? டெக்சஸில் ஃபோர்ட் வொர்த் நகரத்துத் திடலில் கேடியாக நின்று, பிறர் வீச்சைப் பார்த்துக் கற்றார். வார்டனும் ஜெர்சித் தீவில் சிறுவயதில் கேடியாக இருந்தவரே. முழங்கையின் நிலை குறித்து அவர்கள் கண்டறிந்தது, எழுத்தாளரும் ஓவியரும் பதிப்பாளரும் வாய்த்தபோது 'முறை' என்றும் 'அடிப்படை' என்றும் பெயர்பெற்றது. டாலிகஞ்சில் அதே வழியில் கண்டறியப்பட்டது 'இயற்கையான திறமை' ஆயிற்று. 'தானாகவே' என்ற அந்த ஒரு சொல், அச்சிறுவனுக்கு முன்னும் உடனும் திடலில் நின்ற தலைமுறைகளை, அவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்த பிடியை, ஒருவர் முழங்கையை மற்றவர் தட்டித் திருத்தியதை, ஒரே வீச்சில் இல்லாமலாக்கிவிடுகிறது.

வாய்மொழி வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவர்கள் இதைக் கையிலெடுக்கலாம். கொல்கத்தாவில் மட்டுமல்ல, உதகை, கொடைக்கானல், கிண்டித் திடல்களிலும் மூத்த கேடிகள் இருப்பார்கள். பேட்டி காணச் செல்பவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு மட்டையையும் கொண்டுசெல்லுங்கள். முழங்கை எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால், அவர்கள் பெரும்பாலும் எழுந்து நின்றே காட்டுவார்கள்.