மூன்றாவது ஒயர்

திருமுருகன்பூண்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா, பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். போன ஆடியில் அவருடைய ஓவன் தகராறு பண்ண ஆரம்பித்தது. திரையில் 180 டிகிரி காட்டும். கேக்கோ நடுவில் மாவாகவே இருக்கும். சில நாள் ஒரு எரர் கோடைக் காட்டிவிட்டு நின்றே போகும். சர்வீஸுக்கு வந்தவர் அந்தக் கோடைப் பார்த்ததுமே, "கன்ட்ரோல் போர்டு போயிருச்சுங்க, மாத்தணும்" என்றார். அதற்கு அவர் சொன்ன தொகை ஓவன் விலையில் பாதி. அதற்குள் இரண்டு பிறந்தநாள் ஆர்டர்கள் கைவிட்டுப் போயிருந்தன. "நீ கம்ப்யூட்டர் படிச்சவந்தானே, கொஞ்சம் பாரு கண்ணு" என்று என்னைக் கூப்பிட்டார் அக்கா.

எனக்கும் போர்டுதான் என்று பட்டது. திரை சொல்வதை நம்பிப் பழகியவன் நான். நல்லவேளையாக, சாயப்பட்டறையில் ஸ்டென்டர் பார்க்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரையும் கூட்டிப் போனேன். அவர் போர்டைத் தொடவே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்தகட்டைக் கழற்றி, சென்சாரின் காலிலேயே மல்டிமீட்டரை வைத்தார். 1,117 ஓம். பிறகு அதே சென்சாரை, ஒயர் போய்ச் சேரும் போர்டு முனையில் அளந்தார். 1,192 ஓம். "75 ஓம் வழியில எங்கியோ ஒளிஞ்சிருக்குதுங்க தம்பி" என்றார்.

அந்த 75 ஓமுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

சூட்டைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் அடுப்பை 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே செய்துவிட்டார் கார்னெலிஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர். அடுப்புக்குள் சாராயம் நிரப்பிய பாத்திரம். சூடு ஏறினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும், பாதரசம் உயர்ந்தால் காற்று போகும் வழி மூடும், நெருப்பு தணியும். உணர்வது, முடிவெடுப்பது, செய்வது மூன்றும் ஒரே அமைப்பில் பின்னிக் கிடந்தன. கோளாறு வந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இந்த மூன்றையும் தனித்தனி இடத்தில் வைக்க வழி திறந்தது மின்சாரம். 1860 வாக்கில், கப்பலில் சுருட்டி வைத்திருந்த கடலடித் தந்தி வடம் உள்ளுக்குள் சூடாகிறதா என்று வில்லியம் சீமென்ஸ் அறிய வேண்டியிருந்தது. உள்ளே கைவிட முடியாது. சூடு ஏறினால் உலோகத்தின் மின்தடை கூடும் என்பதைப் பிடித்துக்கொண்டு, வடத்தின் அடுக்குகளுக்கு நடுவே கம்பிச் சுருள்களை வைத்து, தூரத்திலிருந்து தடையை அளந்தார். 1871இல் பிளாட்டினக் கம்பியைப் பரிந்துரைத்தார். அவருடைய கருவிகளின் அளவு நாளடைவில் பிசகியது. சுத்தமான பிளாட்டினத்தை இழுவிசை படாமல் வைத்தால் நம்பலாம் என்று 1887இல் காட்டியவர் ஹியூ காலண்டர்.

ஆனால் தூரத்திலிருந்து அளப்பதில் ஒரு சிக்கல். சென்சாருக்குப் போய்வரும் கம்பிக்கும் தடை உண்டு. மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். கம்பியின் தடையையும் சூடு என்றே எடுத்துக்கொள்ளும். சீமென்ஸுக்கே இது தெரியும். அதனால்தான் மூன்றாவது ஒரு கம்பியைச் சேர்த்து, வழித்தடையைக் கழித்துவிடும் முறையை அன்றே கொண்டுவந்தார்.

ஸ்டென்டர் என்பதும் பெரிய ஓவன்தான். சாயம் ஏறிய துணியை இரு ஓரத்திலும் பிடித்து விரித்து, சுடுகாற்று அறைகள் வழியே ஓட்டுவார்கள். சூடு பிசகினால் துணியின் நிறம் மாறும், சுருக்கம் மாறும், லாட்டே திரும்பி வரும். அங்கே பரவலாக இருக்கும் பிடி100 சென்சாரில் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான். ஒயரில் ஒரே ஒரு ஓம் கூடினாலும் இரண்டரை டிகிரிக்கு மேல் பிழை. ஆகவே மூன்று ஒயர். அக்காவின் ஓவனில் இருந்தது பிடி1000. டிகிரிக்கு 3.85 ஓம் என்பதால் ஒயரின் சில்லறைத் தடை பொருட்டல்ல. இரண்டு ஒயரே போதும் என்று விட்டிருந்தார்கள். இணைப்பு கெடாதவரை அந்தக் கணக்கு சரி.

அண்ணன் கனெக்டரைப் பிரித்தார். ஒரு முனை சூட்டில் கருத்துப் பொரிந்திருந்தது. 75 ஓம் என்றால் சுமார் 20 டிகிரி. போர்டு 180 என்று நினைத்து ஹீட்டரை நிறுத்தும்போது உள்ளே 160தான். ஒயரை லேசாக ஆட்டினால் தொடர்பே அறுந்தது. தடை எல்லையற்றதாகிவிட, இருக்கவே முடியாத சூடு என்று போர்டு எரர் காட்டி நின்றிருக்கிறது. "போர்டு பொய் சொல்லலீங்க தம்பி. அதுக்கு வந்த சேதிதான் தப்பு" என்றார்.

கருகிய முனையை வெட்டி, சூடு தாங்கும் புது முனை வைத்து அழுத்தினார். செலவு நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

அந்த எரர் கோடை எழுதியவர் என்னைப் போன்ற ஒருவர்தான். வந்த எண் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பதைத் தவிர அவருடைய நிரலுக்கு ஒன்றும் தெரியாது. சென்சார், ஒயர், கனெக்டர், போர்டு, நாலில் எது கெட்டாலும் அதே கோடுதான். நானும் இப்படிப் பல கோடுகள் எழுதியிருக்கிறேன். யார் வீட்டு ஆர்டர் எதனால் திரும்பிப் போனது என்று யோசித்ததில்லை.

மறுநாள் காலையில் அக்கா ஒரு துண்டு கேக் கொடுத்தனுப்பினார். நடுவிலும் வெந்திருந்தது.